தலைகீழாக நட்ட கிழங்குகள்

எங்கள் வரிசையில் ஒரு செடிக்கு ஒரு பேர் என்று எதுவும் கிடையாது. வீட்டுக்கு வீடு வேலியாக நின்ற சிவப்புக் கொத்துப் பூவை நான் இட்லிப்பூ என்பேன். மூன்றாம் வீட்டு நாகர்கோவில் டீச்சர் தெச்சி என்பார். பக்கத்து வீட்டுக் கோவைக்காரர் புத்தகம் பார்த்துத் தோட்டம் போடுகிறவர், அதனால் அவருக்கு அது இக்சோரா. தெருவோரச் செடிகளைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வரும் தோட்டக்கார அம்மாவுக்கு இந்த வம்பே இல்லை. "அந்த செவப்பு" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர்களை ஒரே மாதிரி வீடுகளில் வரிசையாகக் குடி வைத்தால் வேறென்ன நடக்கும்? நான் விருதுநகர்க்காரி. என் ஊர்ப் பேர்தான் சரியான பேர் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர நகரியத்தில் தரைத்தள வீடு. நான் ஸ்டோர்ஸ் பிரிவில் கிளார்க், என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம் போகக் கொஞ்சம் தரை இருந்தது. தரை என்று சொல்கிறேனே தவிர அது சுத்தமான கடல் மணல். செங்கல்பட்டுப் பக்கமிருந்து லாரியில் செம்மண் வரவழைத்துக் கொட்டினால்தான் எதுவும் வேர் பிடிக்கும். கொட்டிய மண்ணையும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி லாரியைக் கூப்பிட வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் சபை கூடும் நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் கோவை சார் வாளியோடு நிற்பார், இந்தப் பக்கம் நான். டீச்சர் தன் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் எங்களோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். தோட்டக்கார அம்மா வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிற வழியில் எங்கள் குழாயில் கை கால் கழுவி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். பேச்சு முழுக்கச் செடிதான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, உப்புக் காற்றில் கருகும் ரோஜா, யார் வீட்டு மல்லியை ஆடு கடித்தது, குரோட்டன்ஸை எந்த மாதத்தில் கவாத்து பண்ணலாம். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். கடைசியில் கோவை சார் ஒரு வார்த்தை சொல்வார், அதோடு முடிந்துபோகும். பட்டறையில் வெல்டிங் சூபர்வைசர், ஐம்பத்திரண்டு வயது. செடி விஷயத்தில் அவர் சொன்னால் அது அப்படித்தான் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

எங்கள் எல்லோருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. மழை பெய்த மறுநாள் தரையிலிருந்து குபீரென்று எழும்பும் லில்லி. ரோஜா நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. பார்க்க அழகுதான். ஆனால் அதன் கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரி, ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, வேலிக்கு அடியில் நுழைந்து அடுத்த வீட்டில் தலை தூக்கும். யார் வீட்டுக் கிழங்கு யார் வீட்டுக்கு வந்தது என்பதில் எனக்கும் கோவை சாருக்கும் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. உங்கள் லில்லி என் கீரைப் பாத்தியைத் தின்றுவிட்டது என்பேன். உங்கள் கீரைக்கு என் லில்லிதான் காவல் என்பார். தோண்டி எடுத்த கிழங்கைக் குப்பையில் போட மனசு வராது. பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி யாருக்காவது கொடுப்போம். கொடுத்தவர் எத்தனை கொடுத்தோம் என்று நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது, வாங்கினவர் தேங்க்ஸ் சொல்லக் கூடாது. சொன்னால் செடி பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை. எந்த ஊர் நம்பிக்கை என்று தெரியவில்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

கோவை சாரின் மனைவி தோட்டத்துக்கு வரமாட்டாள். மண்புழுவைக் கண்டால் அலறுகிறவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். சமையலறை ஜன்னலிலிருந்து அவருக்குக் காபி நீட்டுவதோடு சரி. குழந்தைகள் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர், மிச்ச நேரத்துக்கு இந்தச் செடிகள்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் சன்ஷேடு வரை ஏறிவிட்ட காகிதப்பூவை வெட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றார். மணலில் ஸ்டூலின் ஒரு கால் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மல்லாந்து விழுந்தார். பின்மண்டை அவர் வீட்டுத் துவைக்கிற கல்லின் விளிம்பில் பட்ட சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. வேலிச் சந்தில் நுழைந்து ஓடினேன். அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். ரத்தம் இல்லை. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். மனைவி காய்கறி வாங்க சதுரங்கப்பட்டினம் போயிருந்தாள். நான் என் வீட்டிலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவந்து துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"ஊட்டுல சொல்லீறாதீங்க அம்மிணி," என்றார். "சொன்னா நாளையிலிருந்து தோட்டத்துக்கே உடமாட்டா."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் குழாயடியில் வழக்கம்போல என்னோடு சண்டை போட்டார். இரண்டு நாளில் நான் அதை மறந்தே போனேன். அவர் உயிர் அந்த வாக்கில் போய் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு முறையும் வாய் கசக்கிறது.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் வேலிக்கு மேலாக ஒரு பொட்டலம் நீட்டினார். மஞ்சள் லில்லி, மாமல்லபுரம் ரோட்டு நர்சரியில் வாங்கியது, நமக்குள் யாரிடமும் இல்லாத நிறம் என்றார். வாங்கி வைத்தேன். மறுநாளும் அதே பொட்டலம், அதே பேச்சு, அதே நர்சரி. இன்னும் கொஞ்சம் தருகிறார் என்று வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள், "மஞ்சள் லில்லி ஒண்ணு வாங்கியாந்தேன், உங்களுக்குக் குடுக்கவே இல்லீங்களே" என்றார்.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். சிங்க்குக்கு அடியில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. அப்படியானால் கொடுத்திருக்கிறார். ஆனால் இவை மஞ்சளா, போன மாதம் டீச்சர் கொடுத்த வெள்ளையா? கிழங்கைப் பார்த்தால் நிறம் தெரியாது. திரும்பி வந்து, கொடுத்த மாதிரிதான் இருக்கிறது சார் என்று இழுத்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, உனக்கும் வயசாகுதில்ல என்றார்.

அடுத்து பேர்கள் மாறத் தொடங்கின. வேலியைக் காட்டி, இந்த நந்தியாவட்டையை ஒரு அடி குறைக்க வேண்டும் என்றார். நான் திகைத்துப்போய் டீச்சரைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் அப்படிச் சொல்வார்களாயிருக்கும் என்று டீச்சர் காதோடு சொன்னார். இருக்கும், அவர் ஊர்ப் பேரை எடுத்துவிட்டார் என்று நானும் எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாள் செம்பருத்தியைக் காட்டி ஏதோ ஒரு பேர் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "அதானுங்க, அது" என்று முடித்தார். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். வேறு எந்தத் தெருவிலாவது இருந்திருந்தால் மனிதர் தடுமாறுகிறார் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் வேறு பேர் சொல்லிப் பழகியதால் அவர் தவறு தவறாகவே தெரியவில்லை.

அவர் என்னிடம் சொன்னதாகச் சொல்வதை நான் கேட்ட நினைவு இருக்காது. நான் சொன்னதாக அவர் சொல்வதை நான் சொன்ன நினைவும் இருக்காது. அலுவலகத்தில் ஃபைல் எண்ணை இரண்டு தடவை சரிபார்க்க ஆரம்பித்தேன். பால் அடுப்பில் பொங்கினால், சரிதான், எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று உள்ளே ஒரு பயம். ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு, நகரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று, மறதியாக இருக்கிறது டாக்டர் என்று சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கோவை சாரிடம்தான் முதலில் காட்டினேன். நன்றாகச் சாப்பிடுங்கள் அம்மிணி என்று எனக்கு அறிவுரை சொன்னார். நோயாளி எனக்கு ஆறுதல் சொல்ல, நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் சம்பங்கிக் கிழங்கு நட்டார். நானும் டீச்சரும் தோட்டக்கார அம்மாவும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஒவ்வொரு கிழங்கையும் எடுத்து, நிதானமாக, வேர்ப் பக்கம் மேலே இருக்கும்படி தலைகீழாகக் குழியில் வைத்து மண்ணை மூடினார். ஒன்றில்லை, இருபது கிழங்கு. டீச்சர்தான் மெதுவாகக் கேட்டார், இது புது முறையா சார் என்று. அவர் தலையசைத்தார்.

"இன்னாம்மா இது?" என்றார் தோட்டக்கார அம்மா என்னிடம். "சாரு கிழங்க தலகீழா வச்சிகினு கீறாரு. நீ பாத்துகினு நிக்குற."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எந்தப் புத்தகத்திலாவது படித்திருப்பார், கிழங்குக்குத் தெரியாதா எந்தப் பக்கம் முளைப்பதென்று, உனக்கும் எனக்கும் தெரிந்ததைவிட அவருக்குத் தெரியும் என்று பொரிந்து தள்ளினேன். அதோடு விட்டேனா? மறுநாள் என்னிடம் இருந்த சம்பங்கியையும் தலைகீழாகவே நட்டேன். டீச்சரும் நட்டார். வரிசையின் கடைசி வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய் அவரும் நட்டார். ஒரு மனிதர் நிலை தடுமாறிச் செய்த காரியத்தை மூன்று வீட்டில் பாடம் மாதிரி பின்பற்றினோம்.

அந்த அம்மா விடவில்லை. இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாக மடக்கினார்.

"சாரு எடது கால இயித்துகினு நடக்குறாரும்மா. செருப்பு கயண்டு போறதே தெர்ல அவருக்கு. எனுக்கு என்னவோ சரியாப் படல."

மணலில் நடந்தால் எல்லோருக்கும் செருப்பு கழலும் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரிம்மா என்று கூடையை எடுத்துக்கொண்டு போனார். நாள் முழுக்கச் செடியின் வாட்டத்தையே பார்த்துப் பழகிய கண் அது. நான் அந்தக் கண்ணை மதிக்கவில்லை. படித்தவள், ஸ்டோர்ஸில் உட்காருகிறவள் என்கிற திமிர் எனக்கு அப்போது இருந்தது. இப்போது ஒத்துக்கொள்வதால் அது இல்லாமல் போய்விடாது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். கோவை சாரின் மனைவி முதல் முறையாகத் தோட்டத்துக்குள் இறங்கி வேலியோரம் வந்து நின்றாள். அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க்கா, அவரு உங்ககிட்டத்தான் நெறையப் பேசறாரு. நல்லாத்தான இருக்காரு?"

ஏன் கேட்கிறாய் என்றேன். காலையில் எழுந்தால் தலைவலி என்கிறாராம். சாப்பிட்டதை மறந்துபோய் மறுபடி தட்டைக் கேட்கிறாராம். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறாராம். சென்னையில் இருக்கும் அவள் அண்ணன் ஒரு பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வா என்கிறார். இவர் வரமாட்டேன் என்று சத்தம் போடுகிறார். என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் வந்திருக்கிறாள். அவரோடு தினம் ஒரு மணி நேரம் பேசுகிற ஆள் நான். நான் சொன்னால் கேட்பாள். போகலாமா வேண்டாமா என்பது என் வாயில் இருந்தது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. மஞ்சள் லில்லி, நந்தியாவட்டை, தலைகீழ்க் கிழங்கு, செருப்பு. ஸ்டூலும் துவைக்கிற கல்லும் மட்டும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா? வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டிருப்பேனோ? இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. தெரிந்ததெல்லாம், அவருக்கு ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் இத்தனை நாள் நான் ஏமாளியாக நின்றிருக்கிறேன் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "தோட்டம் போடுறவங்க எல்லாருக்கும் பாதி மனசு செடியிலதான் இருக்கும். எனக்கே மறதிக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. தீபாவளி முடியட்டும், மெதுவாப் பாத்துக்கலாம்."

அவள் முகம் தெளிந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலமே அண்ணனுக்கு ஃபோன் பண்ணி, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தீபாவளி கழிந்த நான்காம் நாள், காலை ஏழு மணி. அலுவலக பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் கோவை சார் என் தோட்டத்தில் நின்று என் கீரைப் பாத்தியை வெட்டிக்கொண்டிருந்தார். வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால் புதிதாக வந்தவர்கள் வாசல் மாறுவது உண்டு. ஆனால் இவர் ஒன்பது வருஷம் இங்கே இருந்தவர். சார், இது என் வீடு என்றேன். திரும்பிப் பார்த்தார். என்னை யாரென்று தெரியாத பார்வை. வாய் திறந்து என்னவோ சொன்னார், ஒரு எழுத்தும் புரியவில்லை. இடது கையிலிருந்து மண்வெட்டி நழுவியது, பிறகு அவரே சரிந்தார்.

நான் கத்திய கத்தலில் வரிசை முழுக்க ஓடி வந்தது. டீச்சரும் கடைசி வீட்டுக்காரரும் தூக்கினார்கள். ஒரு ஜீப் கிடைத்தது. நகரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார். சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

சமீபத்தில் கீழே விழுந்தாரா, தலையில் அடிபட்டதா என்று கேட்டார்.

கோவை சாரின் மனைவி அழுதுகொண்டே இல்லை என்றாள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இல்லைங்க, அப்படி எதுவுமே இல்லைங்க என்றாள். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பின்மண்டை கல்லில் பட்ட சத்தம். 

"விழுந்தார்," என்றேன். "ஸ்டூல்லருந்து. கல்லுல பட்டுது."

எப்போது என்றார் டாக்டர். ஒன்றரை மாதம் இருக்கும் என்றேன். அவர் வேகமாக எழுதிக்கொண்டு உள்ளே போனார். மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து கட்டி நின்று மூளையை அழுத்துகிறது என்று பிறகு சொன்னார்கள். விழுந்த அன்று தெரியாதாம், வாரக்கணக்கில் பொறுத்துத்தான் தெரியுமாம். மறதி, தலைவலி, தூக்கம், கால் இழுப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். முதலிலேயே பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, காகிதப்பூ, ஐஸ் கட்டி, வாக்கு. ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவாள், முகத்தில் காறி உமிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் டாக்டரக் கேக்கலீங்க்கா. உங்களத்தான் கேட்டேன்," என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து போய் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதுவே எனக்குப் பெரிய விஷயம். கோயில் கோயிலாக ஏறி இறங்காத நான் அவர் கண் விழிக்கும்வரையான மூன்று நாளில் திருக்கழுக்குன்றம் மலைப்படி முழுக்க ஏறிவிட்டு வந்தேன். தை பிறக்கும்போது வீட்டுக்கு வந்துவிட்டார். பாதி மொட்டைத் தலை, இடது கையில் கொஞ்சம் பலக் குறைவு, மற்றபடி பழைய மனிதர். பேர்கள் எல்லாம் அவரவர் இடத்துக்குத் திரும்பியிருந்தன. வேலியைக் காட்டி இக்சோரா என்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஒன்றரை மாதம் அவர் நினைவில் இல்லை. தெரு முழுக்க, எல்லா வீட்டிலும், மஞ்சள் லில்லி பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு இதை யார் கொண்டுவந்தது என்று கேட்டார். எனக்கு மட்டும் இல்லை, டீச்சருக்கும், கடைசி வீட்டுக்கும், தோட்டக்கார அம்மாவுக்கும்கூடத் தினம் தினம் அதையே கொடுத்திருக்கிறார். கணக்கு வைத்துக்கொள்ளாத மரியாதையால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தலைகீழ் சம்பங்கியைப் பற்றி டீச்சர் மெதுவாக எடுத்துச் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான்தான் புத்தி கெட்டு நட்டேன், நீங்க எதுக்குங்க நட்டீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அவர் மனைவி நின்ற சமையலறை ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

அவர் மனைவி என்னோடு பேசாமல் இல்லை. பொங்கலுக்கு ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். என் மகளுக்குப் பரீட்சை என்றால் விசாரிப்பாள். வழியில் பார்த்தால் அக்கா என்று சிரிப்பாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. என்னை மன்னித்துவிட்டாளா, இல்லையா, மன்னிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாளா, எனக்குப் புரியவே இல்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. வாய் நீளமானவள் என்று பேர் வாங்கியவளுக்கு ஒரு கேள்வி கேட்க நாக்கு வரவில்லை.

மாசியில் ஒரு சாயங்காலம். தண்ணீர் வந்துவிட்டது. கோவை சார் தோட்டத்தின் கோடியில் அங்கும் இங்கும் நடந்து எதையோ கிளறிக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வாளியை வைத்துவிட்டு நின்றேன். தோட்டக்கார அம்மா எங்கள் குழாயில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கோவை சார் வீட்டுப் பின்கதவு திறந்தது. அவர் மனைவி செருப்புப் போடாமல் ஈர மண்ணில் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேலிச் சந்தில் நுழைந்து, என்னைத் தாண்டி, தோட்டக்கார அம்மா பக்கத்தில் போய் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு அவரு எப்படித் தெரியறாருங்கம்மா?"

தோட்டக்கார அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கோடியில் இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நடக்கச் சொல்லிப் பார்க்கிற மாதிரி அவர் காலையே பார்த்தார்.

"நல்லாகீறாரும்மா," என்றார். "காலு ஒயுங்காத்தான் வைக்கிறாரு."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் நாங்கள் பக்கத்து வீட்டில் இருந்தோம். தினமும் அதே நேரத்துக்கு அவள் இறங்கி வந்து, அந்த அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவாள். நான் பக்கத்திலேயேதான் நிற்பேன். என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.